சர்வேயரும் இடப்பக்கத்து இருளும்

பம்பாயில் எதுவும் தானாக நடப்பதில்லை என்று முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் சர்வேயர்தான். ஜூன் மாதத்தில் மழை பெய்தால்கூட, அது யாருடைய அலட்சியத்தால் பெய்கிறது என்று கேட்கக்கூடியவர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் பெயர்ப்பலகையில் அது எழுதப்பட்டும் இருந்தது. ஆனால் அதை யாரும் உபயோகித்ததாக நினைவில்லை. எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, உப்புத் தண்ணீரில் ஊறிய சரக்கு ஆகியவற்றை நேரில் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, அதற்குக் காரணம் யார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். வயதானதும் கம்பெனிகள் அவரை விட்டன. அவர் தொழிலை விடவில்லை. சரக்குக் கப்பல்களும் கிடங்குகளும் கைவிட்டுப் போனபின், மிச்சமிருந்தது எங்கள் கட்டடம் ஒன்றுதான்.

ஒருமுறை லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அகப்பட்டவர்களை வெளியே எடுக்க மெக்கானிக் வந்துவிட்டான். சர்வேயர் அவனைத் தடுத்து நிறுத்தி, கம்பிக்கதவின் வழியாக ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்.

"மொதல்ல எங்களை வெளிய எடுங்கோ ஸார்! மூச்சு முட்டறது!"

"வெளிய வந்தா பேச்சு மாறிடும். பட்டனை அமுக்கினது யாரு? அதைச் சொல்லுங்கோ."

மூன்றாவது மாடியில் மிக முதிர்ந்த வயதில் ஒரு பெரியவர் காலமானபோது, டாக்டர் இயற்கை மரணம் என்று சான்றிதழ் எழுதினார். கூடத்தில் இருந்த அமைதியில் சர்வேயரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "இயற்கைன்னு யார் சொன்னா?" பெரியவரின் பிள்ளைகள் மூவரும் ஒரே சமயத்தில் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அவர்களுக்குள் அந்த வீட்டைப் பற்றிய தகராறு இருந்தது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு காமிரா இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதன் வயிற்றுக்குள் நடந்தது. பெட்டி போன்ற உருவம். முகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு லென்ஸுகள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, குனிந்து, மேலே உள்ள கண்ணாடியில் காட்சியைப் பார்க்க வேண்டும். அகலமான சுருள் பிலிம். சதுரமான, உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்க பெரிய நெகட்டிவ். செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், "போன் படத்தை யார் வேணும்னாலும் திருத்தலாம் ஓய். நெகட்டிவ்வை வெச்சுண்டு கோர்ட்டுல ஏறலாம்" என்பார்.

எந்தக் கோர்ட்டிலும் ஏற வேண்டியிராத கல்யாணங்களையும் அவர் இதே காமிராவால் எடுத்தார். எரிந்த பருத்தி மூட்டையை எடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. மணமகளின் மடியிலும் வைத்தார். பெண்ணின் தகப்பனார் கோபித்துக்கொண்டபோது, "ஸ்கேல் இல்லாத படம் சாட்சி ஆகாது. நாளைக்கு ஏதாவதுன்னா என்கிட்டதான் வருவேள்" என்றார். நாளைக்கு ஏதாவது ஆகக்கூடும் என்ற எண்ணத்தை முகூர்த்த நேரத்தில் நினைவூட்டுகிறவரை மறுபடி யாரும் அழைக்கவில்லை.

என் மனைவி விசாலத்துக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். தனிக்கட்டை என்பதால் ரசமும் துவையலும் கீழே அவர் வீட்டுக்குப் போகும். பாத்திரத்தைத் திருப்பித் தர வரும்போது, ரசத்தில் புளி கூடியதற்கு யார் பொறுப்பு என்று விசாரிப்பார். அவள் சிரிப்பாள். நான் கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவன். அவருடைய தர்க்கத்தை என்னால் சகிக்க முடிந்ததில்லை. ஒருநாள் எங்கள் வீட்டில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து பொறுக்கிய அவர், டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "விளிம்பு வழவழன்னு இருக்கு. எந்தப் பொடி போட்டுத் தேய்க்கறேள் மாமி?" என்றார். தவறு டம்ளருடையது என்று முடிவாயிற்று.

விசாலத்துக்கு உடம்பு கெட்டு, இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று டாக்டர்கள் மரியாதையான சொற்களில் தெரிவித்து அனுப்பிய பிறகு, ஒரு காலையில் அவளே சொன்னாள்:

"சுவத்துல மாட்டறதுக்கு உருப்படியா ஒரு படம் இல்லை. ரஞ்சனி போன்ல எடுத்ததுல எல்லாம் நான் யாரையாவது அதட்டிண்டிருக்கேன். கீழ சர்வேயரைக் கூப்பிடுங்கோ."

"அதுக்கு இப்போ என்ன அவசரம்?"

"உங்களுக்கு அவசரம் இல்லை" என்றாள்.

அரக்குப் புடவை கட்டிக்கொண்டு ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்வேயர் வந்தார். காமிராவை மாட்டிக்கொண்டார். வழக்கப்படி சட்டைப்பையிலிருந்து ஸ்கேலையும் எடுத்தார்.

"அதை உள்ள வையுங்கோ" என்றாள் விசாலம். "நான் ஒண்ணும் தண்ணில மூழ்கின சரக்கு இல்லை."

அவர் வாழ்க்கையில் ஸ்கேல் இல்லாமல் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தார், கிளிக் செய்தார், சாவியைச் சுற்றினார், மறுபடி குனிந்தார். பாதி பிலிம் ஆனபோது விசாலம் திடீரென்று, "போறும், கொஞ்சம் உக்காருங்கோ. ஏன்னா, இவருக்கு ஒரு காபி போடுங்கோளேன்" என்றாள். அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். காபி ஆனதும் மீதியையும் எடுத்து முடித்தார். போகும்போது அவள் கேட்டாள்: "சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறேளோ?" அவர், "அதை ஏன் கேக்கறேள்? யாராவது புகார் குடுத்தாளா?" என்றார்.

பிலிமைக் கழுவக் கொடுத்திருந்த இடத்திலிருந்து படங்கள் திரும்பி வந்தபோது விசாலம் இல்லை.

பதின்மூன்றாம் நாளுக்குப் படம் வேண்டும் என்பதால் முலுண்டிலிருந்து வந்து தங்கியிருந்த மகள் ரஞ்சனிதான் உறையைப் பிரித்தாள். என்னிடம் நீட்டினாள். எல்லாப் படங்களிலும் இடப்பக்கத்தில் ஓர் இருள். முதல் படத்தில் ஓரத்தில் மெலிதாகத் தொடங்கி, போகப்போகப் பருத்து, கடைசிப் படங்களில் தோளை மூடி முகத்தின் பாதியைத் தொட்டிருந்தது. கூடத்தில் இருந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கே வந்து பக்கத்துல நின்னுண்டிருக்கான், பாருங்கோ" என்றாள். யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, இதைத் தூரப் போட்டுடலாம்ப்பா" என்றாள் ரஞ்சனி. அவள் போனிலிருந்த ஒரு படத்தையே பெரிதாக்கிப் பதின்மூன்றாம் நாளுக்கு வைத்தோம். அதில் விசாலம் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கையில் இல்லாததால், கண்ணை மூடும்போதெல்லாம் அந்த நாற்காலியின் பக்கத்தில் ஒருவன் நின்றான். எனக்கு அப்போது படம் வேண்டியிருக்கவில்லை; காரணம் வேண்டியிருந்தது. காரணம் கண்டுபிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் கீழே இருந்தார்.

சர்வேயர் படங்களை வெகுநேரம் பார்த்தார்.

"ப்ரொபசர், இது வெளிச்சம் உள்ள வந்த கேஸ் இல்லை. பெட்டில ஓட்டை இருந்தா படத்துல வெள்ளையா அடிச்சிருக்கும். இது வெளிச்சம் உள்ள வராத கேஸ். எதுவோ மறைச்சிருக்கு."

"எது?"

"அதான் விசாரணை."

முதலில் பிலிம் கழுவியவர்கள். பிலிமின் விளிம்புகள் ஒரே சீராக இருந்ததால் அவர்கள் விடுதலையானார்கள். அடுத்துக் காமிரா. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை விளக்கடியில் நிறுத்தி, கிளிக் கிளிக் என்று தட்டி, உள்ளே வழி முழுதாகத் திறக்கிறது என்று நிரூபித்தார். பிறகு இருளின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். "பாரும், ஓரம் பஞ்சு மாதிரி கரைஞ்சு போறது. பிலிம் பக்கத்துல ஏதாவது சிக்கிண்டிருந்தா கத்தியால வெட்டின மாதிரி விழும். ஆகக்கூடி குத்தவாளி பெட்டிக்குள்ள இல்லை. வெளியில, லென்ஸுக்கு ரொம்பக் கிட்ட இருந்திருக்கான்."

அவர் 'இருந்திருக்கான்' என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய சந்தேகம் தோல் வாரின்மேல் விழுந்தது. கழுத்தில் மாட்டும் அந்த வார் தாராவியில் செய்தது. என்னையும் சாட்சியாக இழுத்துக்கொண்டு அங்கே போனார். பைகளும் பெல்ட்டுகளும் தொங்கும் சிறிய கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அதன் முதலாளி.

"அண்ணாச்சி, உம்ம வார் ஒரு குத்தம் பண்ணிருக்கு."

"அந்து போச்சா?"

"அறுந்தாத் தேவலையே. வெளிச்சத்தை மறைச்சிருக்கு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சார், இவுகளைத் தனியா வெளிய விடுதியளா? நான் தோலுலா விக்கேன், வெளிச்சமா விக்கேன்? பையி பிஞ்சா கொண்டாங்க, தச்சுத் தாரேன். படத்துல கருப்பு விழுந்தா அதுக்கும் நானா ஊசி எடுக்கணும்?"

"காலி-பீலி வெட்டிப் பேச்சு பேசாதேயும். நீளம் ஜாஸ்தி வெச்சது யாரு?"

"நீங்கதாம்வே கேட்டிய! தொந்திக்கு மேல வரணும்னு நீங்கதாம் அளந்து காட்டுனிய!"

சர்வேயர் ஆதாரமாகப் படத்தை எடுத்து வைத்தார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா யாரு?"

"என் மனைவி" என்றேன்.

"இருக்காகளா?"

"இல்லை."

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. காமிராவைக் கழற்றி வாங்கி, வாரைக் குறைத்து வெட்டி, வேறு துளை போட்டார். "வாரு மேல தப்பு இல்ல சார். ஆனா குட்டையாக்குனா உங்களுக்கு மனசு ஆறும்னா ஆறட்டும். டீ சாப்பிடுதியளா?"

குட்டையான வாரோடு எடுத்த பரிசோதனைப் படங்களிலும் இருள் வந்தது. வார் விடுதலை. ஜன்னல் திரை கழற்றப்பட்டது, திரையும் விடுதலை. இனி மிஞ்சியிருந்த ஒரே சந்தேகப்புள்ளி அடியேன்.

"அன்னிக்கி நீர் எங்க நின்னுண்டிருந்தீர்?"

"உமக்குப் பின்னால்."

"பின்னாலன்னா? வலமா, இடமா? ஒருதரம் அடுக்களைக்குப் போனீரே, ஏன்?"

"காபி போட. அவள்தான் போகச் சொன்னாள்."

"அதை உறுதிப்படுத்த யாராவது இருக்காளா?"

இருந்த ஒருத்தி இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி. சம்பவத்தை மறுபடி நடத்திப் பாத்துடுவோம். அதே வேளை, அதே நாற்காலி. மாமி இடத்துல நீர் உக்காரும்."

உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்று காமிராவை நெஞ்சுக்கு ஏற்றினார். வலக்கை விசையில், இடக்கை பெட்டியை அடியிலிருந்து ஏந்தியது. குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். நான் லென்ஸுகளைப் பார்த்தேன், அவள் பார்த்திருக்கக்கூடியபடி.

முதல் சில படங்களில் ஒன்றுமில்லை. பிறகு, பெட்டியை ஏந்தியிருந்த கையின் கடைசி இரண்டு விரல்கள் பிடியிலிருந்து பிரிந்தன. நீர் காணாத செடி வளைவதைப்போல மெல்ல வளைந்து, காமிராவின் முகத்தின்மேல் ஏறி, கீழ் லென்ஸின் ஓரத்தில் படிந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேல் லென்ஸ் வழியாக. அங்கே எல்லாம் தெளிவாக இருந்தது.

"முகத்தைக் கொஞ்சம் தூக்கும். ஆங். பிரமாதம்!"

கிளிக். சாவியைச் சுற்றிவிட்டுக் கையை மறுபடி வைத்தார். விரல்கள் மறுபடி சரிந்தன; இம்முறை இன்னும் உள்ளே. அவை எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை. தொடுகிற உணர்ச்சியே அந்த விரல்களில் இல்லை என்பதை, அவர் முகத்தின் நிச்சிந்தையிலிருந்து தெரிந்துகொண்டேன். அப்படியானால் டம்ளரும் நிரபராதிதான்.

எவனும் வந்து நிற்கவில்லை. அந்த நிம்மதி எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட நீடிக்கவில்லை. ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்காரும் யாருக்கும் இந்த விரல்கள் தெரியும். தெருவில் நான் வரும்போதே என் சட்டையில் பொத்தான் தளர்ந்திருப்பதை மாடியிலிருந்து பார்த்துச் சொல்கிறவள் விசாலம். அவளுக்கு முன்னால், சில அடி தூரத்தில், படத்துக்குப் படம், ஒரு மனிதனின் கை அவனைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஓய், காபி சாப்பிட்டுட்டு எடுக்கலாமா?" என்றேன். சொன்ன பிறகுதான் அவள் அன்று ஏன் காபி கேட்டாள் என்பது புரிந்தது.

அடுக்களையில் பால் காயும்வரை யோசித்தேன். அவள் சொல்லாமல் இருந்துவிட்டாள். தன்னிடம் மிச்சமிருந்த கொஞ்சத்தில் ஒரு படத்தைக் கொடுத்து, அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். எனக்கு அப்படிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவரிடமோ இன்னும் நாட்கள் இருந்தன. ஆனால் ஊரெல்லாம் குற்றவாளி தேடிய மனிதரிடம் 'நீர்தான்' என்று எப்படிச் சொல்வது?

படுக்கை அறையில் விசாலத்தின் இரும்பு பீரோ இருக்கிறது. கதவில் ஆளுயரக் கண்ணாடி. காபியைக் கொடுத்துவிட்டு, "கடைசியாக அந்தக் கண்ணாடியை ஒரு படம் எடுத்துப் பாரும்" என்றேன்.

"கண்ணாடிய எதுக்கு? அது அன்னிக்கி சம்பவ இடத்துலயே இல்லையே."

"என் திருப்திக்கு."

அவர் கண்ணாடியின் முன் நின்று குனிந்தார். காமிராவின் கண்ணாடியில், பீரோவின் கண்ணாடியில், தன்னையே பார்த்தார். நின்றார். விசையை அழுத்தவில்லை. வலக்கையால் அந்த இரண்டு விரல்களையும் எடுத்து, வேறு யாருடைய பொருளையோ திருப்பி வைப்பதுபோல, பெட்டியின் அடியில் வைத்தார். அவை மறுபடி சரிந்து வந்தன.

நிமிராமலே சொன்னார்:

"மாமி பாத்திருப்பா."

"பார்த்திருப்பாள்."

"ஒண்ணும் சொல்லலையே ஓய்."

"காபி போடச் சொன்னாள்."

பிறகு சில நாட்கள் அவர் மாடிப்பக்கம் வரவில்லை. வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டார். "கேஸ் முடிஞ்சுது ப்ரொபசர். பொறுப்பு என் பேர்ல. அந்த நெகட்டிவ்வை எல்லாம் குடும், கொளுத்திடறேன்."

"தர மாட்டேன். அதில் ஒன்று பெரிதாக வேண்டும்."

"குறை இருக்கற படத்தை எவனாவது சுவத்துல மாட்டுவானா?"

"நான் மாட்டுவேன்."

சயானில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனேன். அவரைக் கேள்வி கேட்க விடாமல் டாக்டரே கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு விநோதமாக இருந்தது. நீண்ட பெயருள்ள நோய். கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது என்றார். சர்வேயர் வெளியே போனபின், இதைச் சில மாதங்களுக்கு முன்பே ஒருவர் கவனித்துச் சொல்லியிருந்தால் பயன் இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்காது என்றார். அந்தப் பதிலுக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் மாட்டியிருப்பது காபிக்கு முந்தைய படம். ஆணி அடித்த அன்று சர்வேயர் ரசமட்டக் குழாயோடு வந்து, சட்டம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாக என்னை அதட்டினார். சரிசெய்த பிறகு வெகுநேரம் அதன் முன் நின்றார். "லென்ஸைப் பாக்கலை ஓய் மாமி" என்றார். "மேல பாக்கறா. என் மூஞ்சியப் பாத்துண்டிருக்கா." நோய் அவர் குரலுக்கு வந்து சேரும்வரை அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். சென்ற மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

ரஞ்சனி வரும்போதெல்லாம், நல்ல படமாக ஒன்றை மாற்றி மாட்டலாமே, இதில் அம்மாவின் ஒரு பக்கம் இருண்டு கிடக்கிறதே என்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு மாலை வாங்கி வந்து, இடப்பக்கத்து இருளின்மேலும் படும்படி போடுகிறேன். அது இரண்டு பேருக்கும் போதுமானதாக இருக்கிறது.